உறுதி இல்லாத வீடு

“நம்ம வூடா இது?”

இது அம்மாவின் கேள்வி. கூரைத் தகரத்து ஓட்டையை அடைக்க எங்கள் வீட்டுக்காரர் தார் டின்னோடு ஏணியில் ஏறும்போது கேட்பார். பின்பக்கத்தில் நான் கறிவேப்பிலைக் கன்று ஊன்றும்போது கேட்பார். மகள் தான் படிக்கும் மூலைச் சுவருக்கு நீலப் பெயின்ட் அடித்தபோதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியின் காலைப் பிடிக்க வந்துவிடுவார்.

சட்டப்படி பதில் சொல்வது சுலபம். நம்ம வீடு இல்லை. பசறைக்கு மேலே, நமுனுகுல மலையைப் பார்த்தபடி கிடக்கும் தோட்டம் ஒன்றில் எங்கள் லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் நாங்களாக இறக்கிய ஒரு பத்தி. இதற்குள் அம்மா, அக்கா, நான், மகன், மகள். இவர், என் வீட்டுக்காரர், கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார், பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா லீவுக்கு வருவார். நான் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அக்கா கொழுந்து எடுக்கிறாள். காம்பரா அவள் கணக்கில்தான் இருக்கிறது. லயத்தைக் கட்டியது வெள்ளைக்காரக் கம்பனி. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தை மறுபடி கம்பனிகளிடம் கொடுத்தது. இத்தனை கை மாறியும் உள்ளே இருந்தவர்கள் கைக்கு ஒரு துண்டுக் கடதாசி வந்து சேரவில்லை.

சமயப்படி பதில் சொல்வதும் சுலபம்தான் போலிருக்கிறது. எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு யாராவது ஒருவரைப் பேச அழைத்து வருவார்கள். யார் வந்தாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: இந்த உடம்பு வாடகை வீடு, இந்த வீடும் வாடகை வீடு, எதுவும் நமக்குச் சொந்தமில்லை, பற்றை விடுங்கள். சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தை முடிக்கிற குறளில் உயிரை ஒரு ஒதுக்குக் குடியாக வைத்து, இதற்கு நிலையான வீடு ஒன்று கிடைக்கவில்லையோ என்ற பொருளில்தான் கேட்கிறார். கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் சனம் தலையாட்டும். அம்மாவும் ஆட்டுவார்.

எனக்குத் தலை ஆடாது. பின்பக்கம் பத்தி இறக்கியபோது தோட்டத்து ஆபிசிலிருந்து வந்து பார்த்தவர் சொன்னதும் இதே வசனம்தான்: இது உங்களுக்குச் சொந்தமில்லை, நினைச்சபடி கட்ட ஏலாது. ஆபிசும் கோயிலும் ஒரே வசனத்தைச் சொல்கின்றன என்றால் இரண்டில் ஒன்று பிழையான இடத்தில் நின்று சொல்கிறது. எது என்று யோசித்துப் பார்க்க எனக்கு நேரம் கிடைப்பது வீட்டு வேலை செய்யும்போதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் தத்துவமும் சீமெந்தும் கொஞ்சம் கலந்துதான் வரும்.

எங்கள் லயத்துக் கோடியில் ஒரு பலா நிற்கிறது. நட்டவர் அம்மாவின் சித்தப்பா. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு எங்களைப் பங்கு பிரித்தார்கள்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். சித்தப்பாவுக்கு இந்தியா விழுந்தது. பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனார். போவதற்கு முந்திய நாள் பலா மரத்து அடியைச் சுற்றிக் கொத்தி, சாணி போட்டு, மண் அணைத்துவிட்டுப் போனார் என்று அம்மா சொல்வார். அப்போது அது இடுப்பு உயரக் கன்று.

பழம் தின்பது நாங்கள். ஒரு வருடம் காய்த்துக் கொட்டும், ஒரு வருடம் குரங்குக்குப் போக நமக்கு நாலு மிஞ்சும். 2022இல் அரிசி விலை ஏறின மாதங்களில் அவித்த பலாக்காய்தான் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு. இந்தக் கதையை ஒருமுறை திருவிழாப் பேச்சாளர் ஒருவரிடம் சொன்னேன். “பார்த்தீங்களா டீச்சர், பலனை எதிர்பாராத கருமம் என்று கீதை சொல்றது இதைத்தான்” என்றார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அர்ச்சுனனுக்குக் கண்ணன் சொன்னது, பலனை எடுக்கக்கூடிய கை இருந்தும் அதன்மேல் குறி வைக்காதே என்று. சித்தப்பாவின் கையிலிருந்து பலனைப் பிடுங்கிக்கொண்டு கப்பலில் ஏற்றினார்கள். கன்றுக்கு மண் அணைத்தது மட்டும்தான் அவருடைய செயல். அதில் துறவு இருந்ததா, ஆத்திரம் இருந்ததா, பழக்கம்தான் இருந்ததா, தெரியாது. இருநூறு வருடமாக ஒரு சனம் உழைத்த உழைப்பின் பலன் முழுவதும் வேறு எங்கோ போயிருக்கிறது. நிஷ்காம கருமத்துக்குப் பரிசு இருந்தால் அது முதலில் தேயிலைத் தோட்டத்துக்குத்தான் வர வேண்டும்!

துறக்கிறவனுக்குத் துறக்க ஒன்று வேண்டும். சித்தார்த்தர் விட்டுவிட்டுப் போனது அரண்மனையை. பட்டினத்தார் விட்டது கப்பல் நிறையச் செல்வத்தை. காணி உறுதி இல்லாத காம்பராவில் இருக்கிறவரிடம் வந்து பற்றை விடு என்றால், அவர் எதை விடுவது? தகரத்தையா?

அதற்காக, பற்று என்பதே பொய்ப் பிரச்சினை என்றும் சொல்லமாட்டேன். வீட்டு வேலை ஒரு பேய். இறங்கிவிட்டால் அது ஆளைப் பிடித்துக்கொள்ளும். பத்தியில் புகைக்கூண்டு வைத்ததும் உள்சுவர் கறுப்பாக இருப்பது கண்ணில் பட்டது. அதற்கு வெள்ளை அடித்ததும் நிலம் பெயர்ந்திருப்பது தெரிந்தது. நிலத்தைப் பூசியதும் பக்கத்துக் காம்பராக்காரர் டைல் பதித்தது தெரிந்தது. 2021இல் 1,000 ரூபாய் அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை அடுத்த வருடம் 3,000 ரூபாய் அளவுக்கு ஏறியது. அக்காவுக்கு அப்போது ஒரு பேருக்கு, ஒரு நாள் வேலைக்கு, 1,000 ரூபாய். மூன்று நாள் கொழுந்து ஒரு மூட்டைக்குள் போய்விடும். அந்த நிலைமையிலும் நான் பசறை டவுனில் கடைக்கு வெளியே நின்று டைல் விலை விசாரித்தேன். பற்று எது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒழுகுகிற கூரையை அடைப்பதில் அது இல்லை. பக்கத்து வீட்டு டைலைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஒரு சூடு ஏறியதே, அதில் இருக்கிறது.

கூரை, நிலம், சுவர் எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பெரிய வேலையாகப் போனது பின்பக்கத்துக் கல்லுக்கட்டு. லயத்துக்குப் பின்னால் மண் மேடு. மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து பத்தியின் பின்சுவரைத் தொட்டுவிட்டது. மேட்டை வெட்டி, கல்லடுக்கி, மேலே நாலு பாத்தி மரக்கறி போடலாம் என்பது திட்டம். கல்லுக்குக் காசில்லை, மலையில் கிடக்கிறது. ஆளுக்குத்தான் பஞ்சம். அக்கா காலையில் பிரட்டுக்குப் போனால் பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் வருவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சமைத்து, கொப்பி திருத்தி முடிக்க இருட்டிவிடும். பிள்ளைகளுக்கு டியூசன். இவர் கொழும்பில். ஒரு வீட்டில் எல்லோருக்கும் கை இருந்தும் ஒரே நேரத்தில் ஒரு கையும் காலி இல்லாமல் இருப்பதைத்தான் இந்தக் காலத்தில் குடும்பம் என்கிறோம்.

இந்த நிலைமையில் இருந்த ஒரு பெண்ணின் கதை நம் சமயத்தில் இருக்கிறது. அதை வீட்டு வேலைக் கதை என்று யாரும் படிப்பிப்பதில்லை. மதுரையில் வைகை பெருகிக் கரை உடைகிறது. பாண்டியன் குடிக்கு இவ்வளவு என்று கரையை அளந்து பங்கு போட்டு, அடைக்கச் சொல்கிறான். பிட்டு அவித்து விற்கும் வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுகிறது. அவளுக்குப் புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசும் இல்லை. சிவபெருமான் கிழிந்த துணியைக் கட்டிக்கொண்டு, தலையில் சும்மாடும் கூடையுமாக, கூலி கூலி என்று தெருவில் வருகிறார். உதிர்ந்த பிட்டுதான் சம்பளம் என்று பேச்சு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலம் என்று வரும். இன்றைக்கும் ஆவணி மூலத்துக்கு மதுரையில் சுவாமியைப் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளப் பண்ணுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது. வந்த கூலி ஆள் வேலை செய்யவில்லை. பிட்டைத் தின்றார். ஒரு கூடை மண் சுமந்தார், ஆடினார், பாடினார், மரத்தடியில் துணியை விரித்துத் தூங்கினார். மற்றவர்கள் பங்கெல்லாம் முடிந்து வந்தியின் பங்கு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. என் மகனைக் கல் தூக்கக் கூப்பிட்டால் நடப்பதும் இதுதான். முதலில் சாப்பாடு, பிறகு ஒரு கல், பிறகு போன். கோபம் வரும்போது வந்தியை நினைத்துக்கொள்வேன், பாதிக் கோபம் இறங்கும்.

அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அவன் முதுகிலும், ஊரில் எல்லோர் முதுகிலும், எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது என்று புராணம். கூலிக்காரன் முதுகில் விழுந்த அடி அரசன் முதுகில் பட்டது என்று எழுதி வைத்திருக்கிற சமயம் நம்முடையது. இதைவிடப் பெரிய ஒரு தொழிற்சங்கப் பேச்சு எனக்குத் தெரியாது. கங்காணியின் அடி எந்தத் துரையின் முதுகில் பட்டது?

ஆனால் பேச்சாளர்கள் தொடாத ஒரு இடம் இந்தக் கதையில் உண்டு. வந்திக்குப் பங்கு இருந்தது. அவளைக் குடியாகக் கணக்கெடுத்து, இந்தக் கரையில் இத்தனை முழம் உன்னுடையது என்று அளந்து காட்டிய பிறகுதான் கடமை வந்தது. பங்கு இருந்ததால் கடமை, கடமையைச் செய்ய ஆளில்லாததால் கடவுள். எங்கள் கதையில் முதல் படியே விட்டுப் போயிருக்கிறது. கூரை ஒழுகினால் நீங்களே பாருங்கள் என்பார்கள். பார்த்தால், யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்பார்கள். பங்கு இல்லாத இடத்தில் கடமை மட்டும் வைத்தால் அது கடமை இல்லை, வெறும் சுமை. இந்த வேறுபாட்டை ஆபிஸ் மறைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கோயில் மறைப்பதுதான் நோகிறது.

கல்லுக்கட்டுப் போட, பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு மேசன் பாஸ் வந்தார். வயதானவர், கல்லைக் கையில் எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தாலே அது எந்த இடத்தில் உட்காரும் என்று சொல்லிவிடுவார். சீமெந்து போட்டுக் கட்டலாமே என்று வீட்டுக்காரர் கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தார். மண் மேட்டுக்குள் தண்ணீர் நிற்கும். சீமெந்துச் சுவர் அதை வெளியே விடாது, வயிறு தள்ளி ஒருநாள் மொத்தமாக விழும். வெறுங்கல் அடுக்கினால் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து போய்விடும். அடியில் பெரிய கல், மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்வு, இடைக்கிடை நீளக் கல்லை உள்ளே மண்ணுக்குள் போகும்படி வைக்க வேண்டும், முதுகுப் பக்கம் சல்லிக்கல் நிரப்ப வேண்டும். தேயிலை மலை முழுக்க நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிற கட்டுகள் எல்லாம் எங்கள் பாட்டன்மார் இப்படி அடுக்கியவை. எங்கள் வீட்டில் அந்தக் கைப்பழக்கம் யாரிடமும் மிஞ்சவில்லை.

பாஸ் ஐயாவோடு ஒரு சிக்கல். வீட்டுக்காரருக்கு லீவு கிடைப்பது போயாவில். பாஸ் ஐயா போயாவுக்குச் சில் என்ற விரதம் எடுப்பார், இல்லாவிட்டாலும் அன்றைக்கு மண்வெட்டி தொடமாட்டார். “மஹத்தயா, மண்ணுக்குள்ள எவ்வளவு சத்து இருக்கு” என்றார். அவர் சத்து என்றது புழு பூச்சியை. பிக்குகளுக்கு நிலத்தைத் தோண்டக்கூடாது என்று விநயத்திலேயே விதி இருக்கிறது. வீட்டுக்காரருக்கு எரிச்சல். மாதத்தில் கிடைக்கிற ஒரு நாளையும் புழுவுக்குக் கொடுப்பதா என்று என்னிடம் முணுமுணுத்தார். கடைசியில் அம்மாதான் வழி சொன்னார்: மண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே வெட்டி வைப்போம், போயாவுக்குக் கல் மட்டும் அடுக்குங்கள். பாஸ் ஐயா ஒத்துக்கொண்டு, விகாரைக்குப் போய் வந்த பிறகு பின்னேரத்தில் வெள்ளை உடுப்பை மாற்றிவிட்டு வந்து, எந்தக் கல் எங்கே என்று கையை நீட்டிக் காட்டினார். அடுக்கியவர்கள் நாங்கள். அவர் அன்றைக்குக் கூலி வாங்கவில்லை. போயாவில் கூலி வாங்கினால்தான் வேலை, வாங்காவிட்டால் பிங்கம், புண்ணியம் என்றார்.

இந்த மனிதரால்தான் புத்த சமயம் வீட்டைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். ஞானம் பெற்ற புத்தர், பிறவிதோறும் தனக்கு வீடு கட்டிக் கொடுத்த கொத்தனைக் கண்டுகொண்டதாகவும், இனி அவனால் கட்ட முடியாது என்றும் சொன்னதாகத் தம்மபதத்தில் இருக்கிறது. கொத்தன் என்பது ஆசை, வீடு என்பது உடம்பு. அதைவிட எனக்கு நெருக்கமாக இருந்தது விநயத்தில் வரும் தனியன் என்ற பிக்குவின் கதை. குயவர் வீட்டுப் பிள்ளை. இராசகிருகத்துக்குப் பக்கத்து மலைச் சாரலில் புல்லால் குடிசை போடுகிறார். பிச்சைக்குப் போன நேரத்தில் புல் வெட்டுகிறவர்கள் பிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மறுபடி போடுகிறார், மறுபடியும் பிரிக்கிறார்கள். மூன்றாம் முறையும் அப்படியே. கடைசியில் குலத்தொழிலைக் கையிலெடுத்து, மண்ணால் குடிசை செய்து, சுற்றி விறகும் சாணியும் அடுக்கிச் சுட்டு எடுக்கிறார். சிவப்பாக, தட்டினால் மணி போலச் சத்தம் கேட்கும் வீடு. புத்தர் அதைப் பார்த்து, சுடும்போது எத்தனை உயிர் செத்திருக்கும் என்று கண்டித்து, உடைக்கச் சொல்கிறார். பிறகு தனியன் அரசனுடைய மரத்தைத் தவறாகச் சொல்லி எடுத்து வந்து இன்னொரு வீடு கட்டியதும், அதனால் களவைப் பற்றிய கடும் விதி பிறந்ததும் வேறு கதை.

புத்தர் உடைக்கச் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டின் மேல் ஆசை வைத்தாய் என்று அவர் முதலில் குற்றம் சொல்லவில்லை. மற்ற உயிருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். பாஸ் ஐயா போயாவில் மண்வெட்டி தொடாததும் இதே கணக்கு. வீட்டு வேலையில் பாவம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்களில் இதுதான் கைக்கு அடங்குகிறது: நான் கட்டுவதால் யாருக்கு என்ன ஆகிறது? என் கான் தண்ணீர் கீழ் லயத்துக்காரர் முற்றத்தில் இறங்குகிறதா? என் புகைக்கூண்டு பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு இருமல் கொடுக்கிறதா? அடுத்தடுத்து ஒரே கூரையின் கீழ் இருக்கிற எங்களுக்கு இது தத்துவக் கேள்வி இல்லை, அன்றாடச் சண்டை.

எங்கள் ஆட்கள் மலைக்கு வந்து சாமிகளையும் புதிதாக உண்டாக்கினார்கள். கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் மலையிலேயே கல்லை நட்டுக் கத்தியை வைத்துக் கும்பிடுகிறோம், அது கவ்வாத்துச்சாமி. பெக்டரியில் பெரிய ரோதை சுற்றுகிறது, யார் கையையும் இழுத்துவிடக் கூடாது என்று ரோதைமுனி. கம்பனியின் செடிக்கும் கம்பனியின் சக்கரத்துக்கும் சாமி உண்டாக்கிய சனம், தான் படுக்கிற காம்பராவுக்கென்று ஒரு சாமியையும் உண்டாக்கவில்லை. குலசாமி உண்டு, அது ஊரிலிருந்து கொண்டு வந்தது, குடும்பத்துக்குரியது. லயத்துக்கு இல்லை. இங்கே நிலைக்கப் போகிறோம் என்று அவர்கள் நம்பவில்லையோ என்று நான் நினைப்பதுண்டு. ஊவாவில் வீடு உள்ள சாமி கதிர்காமத்து முருகன்தான். அவரும் அவ்வளவு பெரிய தலத்தில் ஒரு சின்னக் கட்டடத்தில், திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கிறார், கோபுரம் கேட்கவில்லை.

கட்ட வசதி இல்லாதவர்களுக்கு நம் சமயம் தரும் ஆறுதல் பூசலார். கோயில் கட்டக் காசு தேடி அலைந்து கிடைக்காமல், திருநின்றவூரில் உட்கார்ந்து மனதுக்குள்ளேயே அத்திவாரம் போட்டு, விமானம் எழுப்பி, கிணறும் குளமும் வெட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. சிவன் அரசன் கனவில் போய், உன் நாளைத் தள்ளி வை, எனக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது என்றார். அழகான கதை, சேக்கிழார் அழகாகவே சொல்கிறார். ஆனால் மனதில் கட்டிய கோயிலில் கடவுள் குடியிருப்பார், மனதில் கட்டிய கூரையின் கீழ் அம்மாவைப் படுக்க வைக்க முடியாது. பூசலாரை எங்களிடம் கொண்டு வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

எனக்கு அப்பர்தான். உழவாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவர். அவர் செதுக்கிய முற்றம் ஒன்றும் அவருடையது இல்லை. அடுத்த மழைக்கு அந்தப் புல் மறுபடி முளைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். திருப்புகலூரில் உழவாரம் படுகிற இடத்தில் பொன்னும் மணியும் கிடக்கச் செய்து சோதித்தபோது, கல்லோடு கல்லாக அதையும் வாரிக் குளத்தில் எறிந்தார். என் அம்மா ஓய்வு பெறும்வரை மலையில் புல் வெட்டியது ஏறக்குறைய அந்த மாதிரிக் கருவியால்தான். சொந்தமில்லாத வீட்டுக்குச் செய்கிற வேலையைச் சமயத்துக்குள் எங்கே வைப்பது என்று கேட்டால் நான் அப்பரின் முற்றத்தில் வைப்பேன். பிறகு யார் வந்து இருந்தாலும் இருக்கட்டும், இருக்கிற நாள் வரை இடத்தைச் சுத்தமாக வைப்பது என்பதும் ஒரு வழிபாடுதான். ஒரே ஒரு வித்தியாசம். அப்பர் அந்த வேலையைத் தானாக ஏற்றுக்கொண்டார். அரசனின் மிரட்டலுக்கும் பணியாதவர் அவர். அவர் பெயரைச் சொல்லி யாரும் எங்களை உறுதி கேட்காமல் இருக்கச் சொல்ல முடியாது.

கல்லுக்கட்டு முடிந்து, மேலே பாத்தி போட்டு, போஞ்சியும் கத்தரியும் வைத்திருக்கிறோம். இரண்டு மிளகுக்கொடி. காட்டுப்பன்றி வராமல் அடியில் பழைய தகரம். 2022 ஜூனில் சாப்பாட்டுப் பஞ்சம் வந்தபோது அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. லீவு அறிவித்தவர்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு வீட்டுத்தோட்டம் போட ஒரு அடி நிலம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அன்றைக்கு அக்கா கேட்டாள், பகிடியாகத்தான்.

பகிடி இல்லாத ஒன்றும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் பலர், திரும்பி வந்து பார்த்தபோது அப்பா அம்மா இல்லை, லயமும் இல்லை. அங்கே ஆபத்து என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் முழுக்க மண் சரிந்தது. எந்தப் பேச்சாளரும் நிலையாமையை எங்களுக்கு இனி விளக்க வேண்டாம், அது எங்கள் கூரைக்கு மேலேயே நிற்கிறது. நான் கல்லடுக்கிய கட்டு, முற்றத்து மண்ணைப் பிடிக்கும். மலையைப் பிடிக்காது. பாஸ் ஐயாவும் இதைச் சொல்லித்தான் கட்டினார். அப்படியானால் ஏன் கட்டினோம் என்று கேட்டால், சரிந்து வருவது எப்போதும் மலை இல்லை, பெரும்பாலும் அரை அடி மண்தான் என்பது என் பதில்.

நான் வந்து சேர்ந்த இடம் இது. ஆபிஸ் சொல்லும் “உன்னுடையதல்ல” வேறு, ஞானிகள் சொல்லும் “உன்னுடையதல்ல” வேறு. முதலாவது, இன்னொருவருடையது என்று அர்த்தம். இரண்டாவது, யாருடையதும் அல்ல, கம்பனியுடையதும் அல்ல என்று அர்த்தம். இரண்டாவதைச் சொல்கிற தகுதி, முதலாவதை எதிர்த்து நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் உண்டு. மலையகத்தில் தனி வீட்டுக்கென்று பேசி வந்தது ஏழு பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடி என்று பார்த்தால் மொத்தம் 1,904 சதுர அடி. இவ்வளவு காணியைத் தன் பெயரில் எழுதிக் கேட்பது ஆசை என்றால், ஆசையின் அளவுகோலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உறுதி கையில் வந்த பிறகு பற்றைப் பற்றிப் பேச வாருங்கள். அம்மாவே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். அதுவரை திருவிழா மேடைகளில் வந்தியின் பங்கைப் பற்றிப் பேசுங்கள்.

லயத்தில் இருக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. வீட்டைத் திருத்துங்கள், யாருடையது என்று காத்திருக்காதீர்கள். கல்லுக்கட்டுக்குச் சீமெந்து பூசி மூடாதீர்கள். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் பின்பக்கத்துக் கானை வெட்டிவிடுங்கள், கீழ் லயத்துக்காரரோடு சேர்ந்து வெட்டினால் தண்ணீர் எங்கே போகிறது என்ற சண்டை வராது. நிலத்தில் புதிதாக வெடிப்புக் கண்டாலோ, மரங்கள் சாய்ந்து நின்றாலோ, ஊற்று திடீரென்று கலங்கினாலோ வற்றினாலோ, பற்றை விடச் சொன்னார்களே, அந்த நேரம் அதுதான். பெயின்ட் அடித்த சுவரைத் திரும்பிப் பார்க்காமல் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வந்த பிறகு கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்.